குழந்தைக்கு ஆபத்தோ என்று ஐயம் வந்தால்: புகாரில் சொல்ல வேண்டியவை

அடுத்த வீட்டில் ஒரு குழந்தை ஓயாமல் அடிபடுகிறது, வகுப்பில் கலகலப்பாக இருந்த மாணவி திடீரென்று ஒடுங்கிப்போகிறாள், பத்தாம் வகுப்பைத் தாண்டாத பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள் என்றெல்லாம் தெரியவரும்போது, பெரும்பாலோர் எண் தெரியாமல் தயங்குவதில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098 பலருக்கும் தெரிந்ததுதான். "என்னிடம் ஆதாரம் ஒன்றும் இல்லையே, கூப்பிட்டு என்னவென்று சொல்வது?" என்ற தயக்கமே நாட்களைக் கடத்துகிறது. தமிழ்நாட்டில் புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், விடுதிக் காப்பாளர்கள், செவிலியர்கள், தன்னார்வலர்கள் ஆகியோருக்காகவும், எந்தப் பொறுப்பிலும் இல்லாத அக்கம்பக்கத்தாருக்காகவும், அந்தத் தயக்கத்தைத் தாண்டிய பிறகு எந்தெந்தத் தகவலை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆதாரம் திரட்டுவது உங்கள் வேலை இல்லை

போக்சோ என்று நாம் சுருக்கிச் சொல்லும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்திருப்பதாக அறிந்தவர் மட்டுமின்றி, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது என்றும் அதே பிரிவு உறுதியளிக்கிறது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்; தமக்குக் கீழ்ப் பணியாற்றுபவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் தண்டனை ஓராண்டு வரை போகும். பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டே என்று சிலர் அஞ்சுவார்கள். ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டிப் பணம் பறிக்கவோ தெரிந்தே பொய் சொல்பவருக்கு உரியது அந்தத் தண்டனை. உண்மையாகவே ஐயப்பட்டு, பின்னர் அந்த ஐயம் தவறு என்று தெரியவந்தவருக்கு அது பொருந்தாது.

பள்ளிகளிலும் விடுதிகளிலும் வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு யோசனையை இங்கேயே தள்ளிவைத்துவிடலாம். "முதலில் நாமே விசாரித்துப் பார்ப்போம், உண்மை என்று தெரிந்தால் போலீசுக்குப் போகலாம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. தலைமை ஆசிரியரிடம் சொல்லியாயிற்று என்பதால் உங்கள் பொறுப்பும் தீர்ந்துவிடாது, ஏனெனில் சட்டம் அந்தக் கடமையைத் தனித்தனியாக ஒவ்வொருவர்மீதும் சுமத்துகிறது. மகாராஷ்டிரத்தில் ஒரு விடுதி மாணவிகள் தொடர்பான வழக்கில் 2022 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குற்றம் தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதைக் கடுமையான குற்றமாகவே கருத வேண்டும் என்று கூறியது. அந்த வழக்கில் மறைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு மருத்துவர்.

எங்கே சொல்வது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இந்த நிமிடமே ஆபத்து என்றால் 112. மற்ற எல்லாக் கவலைகளுக்கும் இரவு பகல் பாராமல் இயங்கும், கட்டணமில்லாத 1098. பாலியல் குற்றம் என்றால் காவல் நிலையம். பெரும்பாலும் இவ்வழக்குகளை அனைத்து மகளிர் காவல் நிலையங்களே விசாரிக்கின்றன. பாலியல் குற்றம் குறித்து 1098-க்குத் தகவல் வந்தால் அவர்கள் அதை உடனே காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் சொல்வதால், காவல் நிலையப் படியேற அஞ்சுபவர்கள் அந்த எண்ணிலிருந்தே தொடங்கலாம். காணாமல் போன, கைவிடப்பட்ட, ஆதரவற்ற குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு கூறுகிறது. அத்தகவலைக் காவல் நிலையத்துக்கோ, 1098-க்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தரலாம்.

முதல் தகவல்: குழந்தை இப்போது எங்கே இருக்கிறது

அழைப்பவர்கள் பெரும்பாலும் கொடுமையிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். அது இயல்புதான். ஆனால் பாதியில் இணைப்பு அறுந்துபோனால், எதிர்முனையில் இருப்பவர் கையில் ஒரு கதை மட்டும் மிஞ்சி, போய்ச் சேர வேண்டிய இடம் மிஞ்சாமல் போகும். ஆகவே குழந்தை இருக்கும் இடத்தையே முதலில் சொல்லுங்கள்.

கதவு எண்ணும் தெருப் பெயரும் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் ஊரில் வழி கேட்பவருக்கு எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லலாம்: எந்தப் பேருந்து நிறுத்தம், எந்தக் கோயிலுக்குப் பின்புறச் சந்து, ரேஷன் கடையிலிருந்து எத்தனையாவது வீடு, ஓட்டு வீடா மாடி வீடா, மாடியில் எந்தப் பகுதி, வாசலில் என்ன வண்டி நிற்கும் என்ற அடையாளங்கள் போதும். மாவட்டத்தையும் வட்டத்தையும் சேர்த்துச் சொல்ல மறக்க வேண்டாம். புதூர் என்ற பெயரில் தமிழ்நாடு முழுக்க ஊர்கள் இருக்கின்றன. செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பத்தின் குழந்தை என்றால், சூளையின் பெயர் தெரியாவிட்டாலும், அங்கே அறுக்கும் கல்லில் பதிக்கப்பட்டிருக்கும் எழுத்துகளைச் சொன்னால் சூளையைக் கண்டுபிடித்துவிடலாம்.

இடத்தோடு நேரமும் சேர வேண்டும். பகலில் குழந்தை பள்ளியில் இருக்குமா, மாலையில் டியூஷனுக்குப் போகுமா, சனி ஞாயிறுகளில் பாட்டி வீட்டில் இருக்குமா, யாரைப் பற்றிப் புகார் சொல்கிறீர்களோ அவர் எப்போது வீட்டில் இருக்க மாட்டார் என்பதெல்லாம், களப்பணியாளர் எந்த நேரத்தில் எந்த வாசலில் போய் நிற்பது என்பதைத் தீர்மானிக்கும். சீருடையில் இருவர் மாலை ஏழு மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டுவதும், மறுநாள் காலை பள்ளியில் வைத்துக் குழந்தையிடம் பேசுவதும் மிகவும் வேறுபட்ட விளைவுகளைத் தரும். முன்னதில், வந்தவர்கள் திரும்பிய பிறகு அந்த இரவு முழுவதும் குழந்தை அதே வீட்டில்தான் இருக்க வேண்டியிருக்கும்.

குழந்தையை அடையாளம் காட்டுதல்

பெயர் சொல்லும்போது ஒரு சிக்கல் எழும். தெருவில் எல்லோரும் குட்டி என்றோ பாப்பா என்றோ அழைக்கும் பிள்ளைக்குப் பள்ளிப் பதிவேட்டில் முற்றிலும் வேறு பெயர் இருக்கும். இரண்டும் தெரிந்தால் இரண்டையும், ஒன்றுதான் தெரியும் என்றால் அது வீட்டுப் பெயரா பள்ளிப் பெயரா என்பதையும் சொல்லுங்கள். வயது சரியாகத் தெரியாவிட்டால் படிக்கும் வகுப்பைச் சொல்லலாம். 18 வயது நிறைவடையாத எவரும் சட்டப்படி குழந்தைதான் என்பதால், மீசை அரும்பிய பதினேழு வயதுப் பையனைப் பற்றிய கவலையும் இதில் அடங்கும். பையன்களைப் பற்றிய புகார்கள் நம் ஊரில் அரிதாகவே வெளியே வருகின்றன என்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது.

குழந்தைக்குக் காது கேளாமை, பேச்சுக் குறைபாடு, அறிவுசார் மாற்றுத்திறன் போன்றவை இருந்தால் அதையும், வீட்டில் பேசும் மொழியையும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்க் குடும்பத்தின் குழந்தையிடம் தமிழ் மட்டும் தெரிந்தவர் போய் நின்று பயனில்லை. முன்பே தெரிந்தால் மொழிபெயர்ப்பாளரையோ சைகை மொழி அறிந்தவரையோ உடன் அழைத்துச் செல்வார்கள். அதே வீட்டில் வேறு குழந்தைகள் இருக்கிறார்களா என்பதையும் அவர்கள் கேட்பார்கள். அக்காவைப் பற்றிப் புகார் செய்பவர்களுக்குத் தொட்டிலில் கிடக்கும் தம்பியின் நினைவு வருவதில்லை.

என்ன நடந்தது: கண்டது, கேட்டது, நினைப்பது

"பக்கத்து வீட்டில் குழந்தையைக் கொடுமைப்படுத்துகிறார்கள்" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. கொடுமை என்பது நீங்கள் வந்தடைந்த முடிவு. அந்த முடிவுக்கு உங்களைக் கொண்டு சென்றது எது என்பதே தேவைப்படும் தகவல். உங்கள் கண்ணால் கண்டதைத் தனியாகவும், பிறர் சொல்லக் கேட்டதை யார் சொன்னார் என்ற விவரத்தோடு தனியாகவும், உங்கள் ஊகத்தை ஊகம் என்று குறிப்பிட்டுத் தனியாகவும் சொல்லுங்கள். ஓர் ஆசிரியர் எழுதிவைக்கும் குறிப்பு எப்படி இருக்கலாம் என்பதற்கு எடுத்துக்காட்டாக ஒன்றைத் தருகிறேன்:

"திங்கட்கிழமை காலை சுமார் ஒன்பதேகால் மணிக்கு, பெஞ்சில் கையை ஊன்றும்போது சிறுவன் முகம் சுளித்தான். வலது முன்கையின் வெளிப்புறத்தில், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிதாக, வட்டமான மூன்று புண்கள் இருந்தன. ஒன்றில் நீர் கோத்திருந்தது. மற்ற இரண்டும் காய்ந்திருந்தன. 'கையில என்னப்பா?' என்று கேட்டேன். 'சூடு வெச்சாங்க' என்றான். யார் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. போன வாரம் மூன்று நாட்கள் வரவில்லை. காய்ச்சல் என்று சித்தி போன் செய்தார். மதிய உணவைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவதாகச் சத்துணவு அமைப்பாளர் சொன்னார்; நான் பார்த்ததில்லை."

இதில் சித்தி சூடு வைத்தார் என்று ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். படிப்பவருக்கு அந்த ஐயம் எழலாம், எழுதியவருக்கும் இருந்திருக்கலாம்; ஆனால் சிற்றன்னை என்றாலே கொடுமைக்காரி என்ற ஊர்ப் பேச்சு குறிப்புக்குள் நுழைந்துவிட்டால், விசாரிப்பவர் மற்றவர்களைப் பார்க்கத் தவறிவிடுவார். ஒரு புண் புதிது, இரண்டு பழையவை என்ற விவரமோ, ஒரு நாளில் நடந்து முடிந்த காரியம் இல்லை என்பதைத் தானே சொல்லிவிடுகிறது.

காயத்தைப் படம் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்றே சொல்வேன். உடலின் எந்தப் பக்கம், என்ன அளவு, என்ன நிறம் என்று எழுதிவைத்தால் போதும். ஆடையால் மூடிய இடத்தைப் பார்ப்பதற்காகக் குழந்தையின் உடையை விலக்கவே கூடாது. அது மருத்துவரின் வேலை.

கடைசியாக எப்போது நடந்தது என்பது, தேதி உறுதியாகத் தெரியாவிட்டாலும் சொல்லப்பட வேண்டிய ஒன்று. "ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள்", "காலாண்டுத் தேர்வு லீவில்" என்று சொன்னாலும் காலத்தைக் கணித்துவிடுவார்கள். பாலியல் வன்முறையில் இதற்கு மருத்துவக் காரணமும் இருக்கிறது: எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு விரைவில் தரப்படுகிறதோ அவ்வளவு பயன் தரும். ஆகவே மூன்று நாட்களுக்குள் நடந்தது என்றால், அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். குழந்தை அணிந்திருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துவைக்கச் செய்யுங்கள். அவசரச் சிகிச்சை தருவதற்கு முன்பு காவல் துறைக் கடிதமோ முதல் தகவல் அறிக்கையோ வேண்டும் என்று மருத்துவமனை கேட்கக் கூடாது என்பது போக்சோ விதி.

குழந்தையே உங்களிடம் சொன்னால்

குழந்தையின் சொற்களை அப்படியே எழுதுங்கள். பேச்சு வழக்கைத் திருத்த வேண்டாம், உடல் உறுப்புக்குக் குழந்தை சொன்ன சொல்லை நாகரிகமாக்க வேண்டாம். "மாமா" என்று குழந்தை சொன்னால் மாமா என்றே எழுதுங்கள். அது தாய்மாமனாகவும் இருக்கலாம், மாடி வீட்டுக்காரராகவும் இருக்கலாம், வேன் ஓட்டுபவராகவும் இருக்கலாம். யாராக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றுவது ஊகப் பகுதிக்குப் போக வேண்டும்.

நீங்கள் கேட்ட கேள்வியையும் சேர்த்து எழுதுவது முக்கியம். "என்ன ஆச்சு?" என்று கேட்டு வந்த பதிலுக்கு இருக்கும் மதிப்பு, "அந்த வேன் மாமா உன்னைத் தொட்டாரா?" என்று கேட்டு வாங்கிய தலையாட்டலுக்கு இருக்காது. பின்னாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பதும் அந்த இடத்தைத்தான். உதவிக்குப் போதுமான அளவு கேட்டதும் நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தை இதையே காவல் அதிகாரியிடமும் மருத்துவரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் சிறப்பு நீதிமன்றத்திலும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு முன்பு வகுப்பாசிரியர், தலைமை ஆசிரியர், தாளாளர் என்று மூன்று அறைகளில் சொல்லவைப்பது அந்தக் குழந்தைக்குச் செய்யும் இன்னொரு கொடுமை. செல்போனில் பதிவு செய்யவும் வேண்டாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காமல், உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு ஏற்றபடி கூடுதலாகச் சொல்ல வேண்டியவை

குழந்தைத் திருமணம் என்றால் முகூர்த்த நேரமும் மண்டபத்தின் பெயரும்தான் உயிர்நாடி. பத்திரிகை அடித்திருந்தால் அதிலேயே பாதித் தகவல் இருக்கும். நம் முகூர்த்தங்கள் பல விடியற்காலையில் இருப்பதால், அன்று காலை அழைத்துப் பயன் இல்லை. ஒரு நாளாவது முன்னதாகச் சொல்லுங்கள். தடுக்க வருகிறார்கள் என்று காற்றுவாக்கில் தெரிந்தாலும் கல்யாணத்தைக் குலதெய்வக் கோயிலுக்கு மாற்றிவிடுவார்கள் என்பதால், அந்தக் கோயில் எந்த ஊர், மாப்பிள்ளை வீடு எந்த ஊர் என்பவையும் தெரிந்திருந்தால் நல்லது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பு. வயதுக்குச் சான்று பள்ளிப் பதிவேட்டில் கிடைக்கும் என்பதால் படித்த பள்ளியின் பெயரைச் சொன்னால் போதும். மாவட்டச் சமூகநல அலுவலரே குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். மாஜிஸ்திரேட்டிடம் தடையாணை பெறவும் வழியுண்டு.

குழந்தைத் தொழிலாளர் என்றால் வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம், தங்குவதும் அங்கேயேவா, முன்பணம் வாங்கியிருக்கிறார்களா, அழைத்து வந்த தரகர் யார், எந்த இயந்திரத்தில் அல்லது எந்த இரசாயனத்தோடு வேலை என்பவை தேவை. 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வரை அபாயகரமான வேலைகளுக்குத் தடை. பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் உதவுவதற்குச் சட்டம் விலக்கு அளித்திருப்பதால், கடை யாருடையது, முதலாளிக்கும் குழந்தைக்கும் என்ன உறவு என்பதையும் கேட்பார்கள்.

இணையத்தில் நடப்பது என்றால் கணக்கின் பெயர், இணைப்பு முகவரி, செல்போன் எண், நீங்கள் பார்த்த தேதி, நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். குழந்தையின் ஆபாசப் படத்தையோ காணொளியையோ "ஆதாரத்துக்காக" என்று யாருக்கும் அனுப்ப வேண்டாம், அனுப்புவதே குற்றம். பகிரும் நோக்கத்தோடு வைத்திருப்பதும் போக்சோ 15-ஆம் பிரிவில் குற்றமே. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக விளக்கியிருக்கிறது. உங்கள் போனுக்கே அப்படி ஒன்று வந்துவிட்டால், போனைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் காட்டி அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம்.

பதினெட்டு வயதாகாத பெண் கருக்கலைப்புக்கு வரும்போது செவிலியர்களும் மருத்துவர்களும் திணறுகிறார்கள். தகவல் தந்தே ஆக வேண்டும். ஆனால் அப்பெண்ணும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் அந்தத் தகவலில் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

உங்களைப் பற்றியும், சொல்லி முடித்த பிறகும்

1098-இல் பெயரைச் சொல்லாமலும் தகவல் தரலாம். எனினும், வழி தெரியாமல் களப்பணியாளர் தெருமுனையில் நிற்கும்போது திருப்பி அழைக்க ஓர் எண் இருந்தால் குழந்தைக்கு நல்லது. எண்ணைக் கொடுத்துவிட்டு, "நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுப்பவர் பின்னர் சாட்சியாக அழைக்கப்படலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர், மருத்துவர், காப்பாளர் போன்றோர் பெயரோடு புகார் தருவதே முறை, ஏனெனில் கடமையைச் செய்தீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

பேசி முடித்ததும் தேதி, நேரம், பேசியவரின் பெயர், அவர் தந்த பதிவு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். போக்சோ தகவலைப் பெறும் காவல் அதிகாரி அதற்குப் பதிவு எண் இட்டு, எழுத்தில் பதிந்து, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். தம் பெயர், பதவி, தொலைபேசி எண், மேலதிகாரியின் விவரம் ஆகியவற்றையும் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் அவர் தெரிவிக்க வேண்டும் என்பதால், மறுநாள் அழைத்து, தெரிவித்தாயிற்றா என்று கேட்பது அத்துமீறல் ஆகாது. "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. எல்லை எதுவானாலும் முதல் தகவல் அறிக்கையைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம்.

அதன் பிறகு வாயை மூடிக்கொள்வதும் கடமையில் சேர்ந்தது. குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் என அடையாளம் தெரியக்கூடிய எதையும் ஊடகத்தில் வெளியிடுவது போக்சோ 23-ஆம் பிரிவின்படியும் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படியும் தண்டனைக்குரியது. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் "நம் பள்ளி ஏழாம் வகுப்புப் பெண்" என்று எழுதினாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். சந்தேகத்துக்குரியவரிடமோ அவர் குடும்பத்திடமோ புகார் செய்ததைச் சொல்லவே கூடாது.

குடும்பம் திடீரென்று வீட்டைக் காலி செய்தாலோ, குழந்தை பள்ளிக்கு வருவது நின்றாலோ, புதிய காயம் தெரிந்தாலோ, பழைய பதிவு எண்ணைச் சொல்லி உடனே மீண்டும் அழையுங்கள். புதிதாக நடந்ததை மட்டும் சொன்னால் போதும்; எண்ணைச் சொல்லாவிட்டால் அது தனிப் புகாராகப் பதிவாகி, முன்பு நீங்கள் சொன்னதோடு சேராமல் நின்றுவிடும்.